மாத்திரையும் கொட்டாவியும்

நாலு பேர் முன்னால் பெயரைச் சொல்வதற்கே நெஞ்சு படபடக்கும் சமூகப் பதற்றத்துக்காக, மனநல மருத்துவர் எனக்குப் பராக்சிடின் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்து இன்றோடு 11 நாட்களாகின்றன. பதற்றம் குறைவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தூக்கம் மட்டும் முதல் நாளே வந்து சேர்ந்துவிட்டது.

போன வாரம் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுக் கண்விழித்தபோது, திரையில் 'ன' என்ற ஒரே எழுத்து மூன்று பக்கங்களுக்கு ஓடியிருந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை.

மருத்துவரிடம் கேட்டபோது, காலையில் விழுங்கிவந்த மாத்திரையை இரவுக்கு மாற்றச் சொன்னார். இந்த வகை மருந்துகளில் இது சற்றுக் கூடுதலாகவே தூக்கத்தை வரவழைக்கும் என்றும், பலருக்கு முதல் சில வாரங்களில் அது தணிந்துவிடும் என்றும், நானாகத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் குமட்டலும் எரிச்சலும் வரக்கூடும் என்பதால் அதை மட்டும் செய்துவிடக் கூடாது என்றும் விளக்கினார். சளிக்குப் போடும் சில மாத்திரைகளும் இந்த மயக்கத்தைக் கூட்டும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

இப்போதைக்கு வண்டியைத் தொடுவதில்லை. மதியம் அலாரம் வைத்து 20 நிமிடம் படுக்கிறேன். அதைத் தாண்டினால் மாலை முழுவதும் மந்தம்தான். காபியைக் கூட்டிப் பார்த்ததில் தூக்கம் போகவில்லை, படபடப்புதான் ஏறியது. அதற்காகத்தானே மருந்தே சாப்பிடுகிறேன்!

இரவுக்கு மாற்றி மூன்று நாட்களாகின்றன. இன்று காலைக் கூட்டத்தில் கொட்டாவி இரண்டோடு நின்றது.