ஆடிய பல்லும் டைட்டானியம் திருகும்

பல் துலக்கும்போது ரத்தம் வந்ததை, "பிரஷ் முரடு" என்று சொல்லியே இரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். வலி இல்லையே! ஈறு நோயின் வில்லத்தனமே அதுதான். போன தீபாவளிக்கு முறுக்கைக் கடித்தபோது கீழ்க் கடைவாய்ப்பல் லேசாக ஆடியது.

டாக்டர் மெல்லிய அளவுக்கம்பியை ஈறுக்குள் விட்டு எண்களைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதிக்கொண்டார். மூன்று, நான்கு, ஏழு. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழமாம் அது; 3 மில்லிமீட்டர் வரை சரியாம். 7 என்றால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்கிறது.

பல்லை எடுத்தார்கள். உடனே இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகுப் பல்வேர், வைப்பார் என்று பார்த்தால், "முதலில் ஈறு, அப்புறம் உங்க சர்க்கரை, அதுக்கப்புறம்தான் திருகு" என்றார். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர மாதக்கணக்கில் ஆகும். 1965-இல் சுவீடனில் பிரோனெமார்க் என்ற மருத்துவர் தன் முதல் இம்பிளான்ட் நோயாளிக்கு வைத்ததும் இதே டைட்டானியம்தான்.

இம்பிளான்டுக்குச் சொத்தை வராது என்று குஷியாக இருந்தேன். ஆனால் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் என்னுடையவைதானே! அழுக்குப் படிந்தால் அங்கேயும் சீழ் பிடிக்கும், எலும்பு கரையும். இப்போது தினமும் இரவு பல் இடுக்குக்கான குட்டி பிரஷோடு கண்ணாடி முன் நிற்கிறேன். "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு நேரம் நிக்கலை" என்கிறாள் மனைவி.