தம்பி பொண்டாட்டி

எங்க அப்பா ராணுவத்துல பாலம் கட்டுற, கண்ணிவெடி எடுக்குற மெட்ராஸ் சாப்பர்ஸ் படைல நாயக் ரேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவரு. வேலூர் பக்கம் இது ஒரு பெரிய விஷயமே இல்ல, கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னே பேரு வச்சிருக்கற ஜில்லா இது, எங்க தெருவுல பாதி வீட்டுப் பரண்ல ஒரு கருப்பு ட்ரங்க் பெட்டி கெடக்கும், மேல வெள்ளை பெயிண்ட்ல நம்பரு, ரேங்க், பேரு.

ஊர்ல முன்னாள் படைவீரர் சங்கம் ஒண்ணு இருக்கு, மாசத்துல ரெண்டாவது ஞாயிறு கூடுவாங்க. கேன்டீன்ல ரம் வந்துடுச்சா, குக்கர் வந்துடுச்சான்னு பேசுற பெருசுங்க கூட்டம்னு தான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன். மத்தபடி எனக்குத் தெரிஞ்சது டிசம்பர் 7 கொடிநாள் தான், 1949ல ஆரம்பிச்சது, ஸ்கூல்ல உண்டியல் குலுக்கிட்டு வருவாங்க, சட்டைல குத்திக்க சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம்னு மூணு படைக்கும் மூணு கலர்ல குட்டிக் கொடி தருவாங்க.

போன வருஷம் பக்கத்து தெரு மாமா தவறிட்டாரு, அவரும் சாப்பர் தான். அத்தைக்கு ஃபேமிலி பென்ஷன் வரணும். மாமா ராணுவத்துல இருந்து வரும்போது குடுத்த டிஸ்சார்ஜ் புக்ல அத்தை பேருக்குப் பின்னாடி "அம்மாள்" இருக்கு, ஆதார்ல இல்ல. அவ்ளோ தான் பிரச்சினை! ஒரு ஆபீஸ்ல பேரு ஒத்துப்போகல போங்கன்னுட்டாங்க, இன்னொரு ஆபீஸ்ல அங்கயே போய் மாத்திட்டு வாங்கன்னாங்க, நாப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவங்க, நான் தான் அந்த ஆளுன்னு எப்படி காட்டுறதுன்னு தெரியாம திண்ணைல உக்காந்திருந்தாங்க.

அப்பா என்னையும் அத்தையையும் சங்கத்துக்கு கூட்டிட்டுப் போனாரு. ரேஷன் கடைக்கு மேல ஒரு ரூம், ஆறு பிளாஸ்டிக் சேர். செவுத்துல சுபேதார் சுப்பிரமணியன் படம், 1944 பிப்ரவரியில இத்தாலில மின்யானோ பக்கம் வெடிக்கப் போற கண்ணிவெடி மேல படுத்து கூட இருந்தவங்கள காப்பாத்தி உயிர விட்ட மெட்ராஸ் சாப்பர், அதுக்காக ஜார்ஜ் கிராஸ்ங்கற பிரிட்டிஷ் வீர விருது குடுத்தாங்க. அதுக்குக் கீழ தான் ஃபைல் அடுக்கி வச்சிருக்காங்க.

செக்ரட்டரி ஒரு ரிட்டயர்டு சுபேதார், நாயக்குக்கு மேல உள்ள ரேங்க். எங்க அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயசு, மூட்டு வலி வேற, இருந்தும் சுபேதார் சாப் உக்காரச் சொல்ற வரைக்கும் நின்னுட்டே இருந்தாரு, எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. சுபேதார் கண்ணாடிய போட்டுக்கிட்டு புக்கை பக்கம் பக்கமா பாத்தாரு. புக்லயும் ஆதார்லயும் இருக்கற பேரு ஒரே ஆளோடது தான்னு நோட்டரி கிட்ட அஃபிடவிட், கல்யாண போட்டோ, பெங்களூர் ரெக்கார்ட் ஆபீசுக்கு கவரிங் லெட்டர். "ஜெராக்ஸ் மூணு செட்டு எடு, ரிஜிஸ்டர் தபால் ரசீதை பத்திரமா வை"ன்னு எனக்கு ஆர்டர். இந்த "அம்மாள்" கேஸ் மட்டும் இவங்க கைல நிறைய வந்திருக்காம், அந்தக் காலத்துல பேரை எழுதுன கிளார்க்கு காதுல விழுந்தத எழுதிட்டுப் போயிட்டாரு.

மெட்ராஸ் சாப்பருக்கு "தம்பி"ன்னு ஒரு பேரு உண்டு, ஆர்மி பூரா அப்படித்தான் கூப்பிடுவாங்க. 1780 செப்டம்பர் 30ல ஜார்ஜ் கோட்டைல ரெண்டு கம்பெனியா ஆரம்பிச்ச படை, அதனால வருஷா வருஷம் அந்தத் தேதிக்கு காலைல இருந்தே அப்பா போன் அடிச்சிட்டே இருக்கும், எடுத்தா அந்தப் பக்கம் "என்ன தம்பி"ன்னு ஒரு நடுங்குற குரல்.

அத்தைக்கு அஞ்சாவது மாசம் பென்ஷன் ஏறிடுச்சு, அரியரோட. அடுத்த ஞாயிறு ஒரு டப்பா முறுக்கோட சங்கத்துக்கு வந்து வாசல்லயே நின்னாங்க. சுபேதார் உள்ள இருந்து பாத்துட்டு எங்க அப்பாவ பாத்து, "யோவ், நம்ம தம்பி பொண்டாட்டி வந்திருக்கு, சேர் போடுய்யா"ன்னாரு. மாமா அந்த சுபேதார விட நாலு வயசு பெரியவரு.