விலை குறைந்த, உழைக்கும் கைக்கடிகாரம்

நான் அன்றாடம் கட்டிக்கொள்வது ஜப்பானிய நிறுவனமான சீக்கோவின் 'சீக்கோ 5' வரிசையைச் சேர்ந்த எஸ்என்கே809 என்னும் தானியங்கிக் கைக்கடிகாரம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானப்படையினர் கட்டிய கடிகாரங்களைப் பின்பற்றி, நிமிட எண்களைப் பெரிதாக வெளிவட்டத்திலும் மணி எண்களைச் சிறிதாக உள்வட்டத்திலும் காட்டும் கறுப்பு முகப்பு அதற்கு உண்டு. ஆனால் இது எந்தப் படைக்காகவும் செய்யப்பட்டதன்று. தோற்றம் மட்டுமே இரவல்.

உள்ளிருக்கும் 7எஸ்26 இயந்திரத்துக்கு பேட்டரி கிடையாது. கை அசையும்போது சுழலும் அரைவட்ட எடை, எந்தப் பக்கம் சுழன்றாலும், 1959இல் சீக்கோ உருவாக்கிய 'மேஜிக் லீவர்' என்ற அமைப்பின் வழியாக, கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லான மெயின் ஸ்பிரிங்கை முறுக்கிவிடுகிறது. முழுதாக முறுக்கேறினால் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலை நின்றுபோயிருக்கும். திருகிச் சாவி கொடுக்கும் வசதி இல்லை; சற்றே குலுக்கித்தான் எழுப்ப வேண்டும். நாளொன்றுக்கு 20 நொடி பிந்துவதும் 40 நொடி முந்துவதும் நிறுவனமே ஏற்கும் வரம்புக்குள் அடங்குவதால், நொடி பிசகாத நேரம் கேட்பவர்கள் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வாங்குவதே நல்லது.

சென்னையின் சித்திரை வெயிலில் துணிப்பட்டை வியர்வையை உறிஞ்சி நாறும் என்பதால், 18 மி.மீ. நைலான் பட்டை இரண்டு வாங்கி, சோப்புப் போட்டு அலசி மாற்றி மாற்றிக் கட்டுவது என் வழக்கம். 30 மீட்டர் என்ற நீர்த்தாங்கு அளவு, அந்த ஆழம் வரை மூழ்கலாம் என்று பொருள்படாது; ஐப்பசித் தூறலுக்குப் போதும். பெசன்ட் நகர் அலையில் இறங்குமுன் கழற்றிவிடுங்கள்.