ஈர்ப்பு அலைகளும் ஒரு ஆபீஸ் சீலும்

மேல்வளிமண்டல ஈர்ப்பு அலைகளுக்கான (விண்வெளியிலிருந்து வருகிற ஈர்ப்பலை இல்லை, காற்று மேலும் கீழுமாக ஆடும் அலை) என் ஆராய்ச்சியின் கணித மாதிரி ஒருவழியாக கமிட்டியில் தேறிவிட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்து இறங்குகிறவர்களுக்கு உதவும்.

சமன்பாடுகள் புத்தகத்தில் உள்ளவைதான். வினை, சீனியர் விட்டுப்போன புரோகிராமில். மாதிரி முடிகிற உச்சியை 100 கிலோமீட்டரில் கெட்டிச் சுவராக வைத்திருந்தார். மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறையும், அலையின் வீச்சு பெருகும். 20 கி.மீ.யில் விநாடிக்கு 10 செ.மீ. இருப்பது, வழியில் தேயாவிட்டால், 90-ல் சுமார் 15 மீட்டர். அது சுவரில் மோதித் திரும்பினால் கீழே வருகிற எந்த எண்ணையும் நம்ப முடியாது. ஆற்றல் மேலே ஏறும்போது முகடுகள் கீழே இறங்கவேண்டும்; எங்கள் படத்திலோ நின்ற இடத்திலேயே துடித்தன. உச்சியை 150-க்கு ஏற்றி, கடைசி 40 கி.மீ.யில் அலையை உறிஞ்சும் அடுக்கு வைத்ததும் இறங்க ஆரம்பித்தன. உறிஞ்சலைப் படிப்படியாகக் கூட்டுங்கள், சட்டென்று கூட்டினால் அதுவே இன்னொரு சுவர். அந்த உயரத்தில் பாகுத்தன்மையின் விளைவும் எகிறும். அடுத்த கணத்தின் மதிப்பையும் சேர்த்தே தீர்க்கும் கிராங்க்-நிகல்சன் முறை இல்லாவிட்டால், கணக்கு சிதறாமலிருக்கக் காலப்படியை (ஒரு தடவைக்கு நகரும் நேரத்தை) குறைத்தே ஓய்ந்துபோவீர்கள்.

அடுத்து, நிஜ அளவீட்டோடு ஒப்பிடச் சொன்னார்கள். சித்தூர் தாண்டி, திருப்பதி போகிற வழியில் காதங்கியில் 53 மெகாஹெர்ட்ஸ் ராடார் இருக்கிறது. தரவு கேட்டு ஒரு கடிதம், கல்லூரி சீலோடு. அவ்வளவுதான் வேலை.

"இன்னாம்மா, காத்து சமாச்சாரத்துக்குக் கணக்கு டிபார்ட்மென்ட்ல இன்னாத்துக்கு லெட்டர்? பிசிக்ஸ்ல வாங்கினு வா" என்றார் கிளார்க். பிசிக்ஸில், "உங்க மேடம் எங்க ஆள் இல்லையேம்மா." திரும்பி வந்தால் கிளார்க் லீவு. வந்தபிறகு, அவுட்வர்டு நம்பர் இல்லை என்று கடிதத்தையே திருப்பினார். அந்த நம்பரைப் போடவேண்டியவரும் அவரேதான்!

கடைசியில் பொருள் வரியில் 'காற்று', 'வளிமண்டலம்' இரண்டையும் அடித்துவிட்டு, 'பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்வைச் சரிபார்க்கத் தரவு' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே சீல்.

ஒன்று மறக்காதீர்கள்: அந்த ராடார் கீழே 20 சொச்சம் கி.மீ. வரையும், பகலில் 65-லிருந்து 85 வரையும்தான் எதிரொலி தரும். நடுவில் காலி. அதே கடிதத்தில் லைடர் (லேசர் ஒளியை மேலே அனுப்பி அளக்கும் கருவி) வெப்பநிலையையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் மறுபடி அதே கிளார்க். லைடருக்கு மேகமில்லாத இரவு வேண்டும். ஐப்பசி, கார்த்திகைத் தேதிகளை விட்டுவிட்டு மாசி, பங்குனியில் கேளுங்கள்.