ரேங்க் பட்டியலைக் கடைசியில் பாருங்கள்

பல மருந்துகளின் ட்ரையல்களை ஒரே வலையாக இணைத்து ஒப்பிடும் நெட்வொர்க் மெட்டா அனாலிசிஸ் பேப்பர் ஒன்று கைக்கு வந்தால் டாக்டர்கள் பலரும் முதலில் தேடுவது "எந்த மருந்து முதலிடம்?" என்பதைத்தான். நேரமில்லாதவர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பேப்பரிலேயே அதிகம் ஏமாற்றக்கூடிய இடம் அதுதான் என்பேன்.

அடிப்படை எளிது. அ, ஆ என்று இரண்டு மருந்துகள். இரண்டையும் தனித்தனியே பிளாசிபோவோடு (மருந்தில்லாத போலி மாத்திரை) ஒப்பிட்ட ட்ரையல்கள் உண்டு, நேருக்கு நேர் ஒப்பிட்டவை இல்லை. அ-வுக்கும் பிளாசிபோவுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து ஆ-வுக்கும் பிளாசிபோவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்தால் (இரு பக்கத்துப் பலன் வாய்ப்பின் விகிதமான ஆட்ஸ் ரேஷியோ என்றால் லாக் எடுத்துவிட்டு) அ-ஆ ஒப்பீடு கிடைத்துவிடும். 1997-இல் பூக்கரும் மற்றவர்களும் சொன்ன வழி இது. இலவசமில்லை, கழிக்கும்போது இரண்டு பக்கத்து நிச்சயமின்மையும் கூடிவிடும். எல்லா ட்ரையல்களும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரு நேரடி ட்ரையல் தரும் துல்லியத்துக்கு இப்படிச் சுற்றிவர நான்கு ட்ரையல்கள் வேண்டும்.

சரி, இதையெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். அது பார்க்காத ஒன்று டிரான்சிட்டிவிட்டி, அதாவது சுற்றிவந்து ஒப்பிடும் அளவுக்கு ட்ரையல்கள் ஒத்திருக்கின்றனவா என்பது, அங்கேதான் டாக்டரின் வேலை இருக்கிறது. இந்த வலையில் உள்ள எந்த நோயாளிக்கும் இதிலுள்ள எந்த மருந்தையும் குலுக்கலில் கொடுத்திருக்க முடியுமா? அ-வை முதல் சிகிச்சையாகவும், ஆ-வை மற்ற மருந்துகள் பலிக்காமல் போனவர்களுக்கு மட்டுமாகவும் சோதித்திருந்தால், கணக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஒப்பீடு நிற்காது. நோயின் தீவிரம், டோஸ், ட்ரையல் நடந்த காலம் எல்லாம் இப்படித்தான். புள்ளியியலாளரைவிட வார்டில் நிற்பவருக்கே இது சட்டென்று உறைக்கும், ஆனால் வார்டில் நிற்பவர்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறார்! நேரடி முடிவும் மறைமுக முடிவும் முரண்படுகின்றனவா என்று பார்க்கும் இன்கன்சிஸ்டன்சி சோதனை இருக்கிறதே என்று கேட்கலாம். ஒரே ஜோடிக்கு நேரடி, மறைமுகச் சான்று இரண்டும் இருந்தால்தான் அதைச் செய்யவே முடியும், ட்ரையல்கள் குறைவாக இருந்தால் முரண்பாடு இருந்தும் அதன் கண்ணில் படாமல் போகும்.

அப்புறம் சுக்ரா (SUCRA), மருந்துகளை வரிசைப்படுத்தத் தரும் மதிப்பெண். 90 சதவீதம் என்றால் 90 சதவீதம் பேருக்குக் குணம் என்று அர்த்தமில்லை, வரிசையில் எவ்வளவு மேலே என்பது மட்டும்தான். இரண்டு சின்ன ட்ரையல்களை வைத்துக்கொண்டு ஒரு மருந்து உச்சியில் உட்கார்ந்திருக்கலாம்.

2018-இல் லான்செட்டில் சிப்ரியானி குழுவினர் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள்: 21 மனச்சோர்வு (டிப்ரஷன்) மருந்துகள், 522 ட்ரையல்கள், 1,16,477 பேர். பிளாசிபோவோடு ஒப்பிட்டால் அமிட்ரிப்டிலினுக்கு ஆட்ஸ் ரேஷியோ 2.13, ரீபாக்சடினுக்கு 1.37. இந்த இரு முனைகளுக்கும் நடுவே பல மருந்துகளின் நிச்சயமின்மை வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. அங்கே ஐந்தாவது எது, எட்டாவது எது என்று பார்த்து மருந்துச்சீட்டை மாற்றுவதற்கு நான் தயாரில்லை, பக்க விளைவையும் நோயாளியின் பழைய அனுபவத்தையும் கேட்டுத்தான் எழுதுவேன்.