மரத்தது கால், கட்டி இருந்தது முதுகில்

அம்மாவுக்கு முதுகுவலி என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கொழுந்துக் கூடை சுமக்கிற எல்லாருக்கும் உள்ளதுதானே! டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் இது படுத்தால் கூடுகிற வலி. நடுராத்திரி எழுந்து உட்கார்ந்தால்தான் குறையும். அப்புறம் ஒருநாள் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு கால் செருப்பு கழன்றதே தெரியாமல் அம்மா வாசல் வரை வந்துவிட்டார். எங்களுக்குப் பயம் பிடித்தது அன்றுதான்.

டவுனில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. கடன் வாங்கி இடுப்புக்கு எடுத்த எம்.ஆர்.ஐ.யிலும் வயதுக்குரிய தேய்மானம்தான். கண்டி பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் ஓர் இளம் டாக்டர் ஊசிமுனையால் பாதத்திலிருந்து மெல்லக் குத்திக்கொண்டே மேலே வந்தார். தொப்புளைத் தாண்டியதும்தான் அம்மா "ஸ்ஸ்" என்றார். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான முள்ளந்தண்டு வடம் இடுப்பின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுமாம். மரப்பு தொப்புள் வரை ஏறியிருந்தால் கோளாறு அதற்கும் மேலேதான். நெஞ்சு மட்டத்தில், மருந்து ஏற்றி எடுத்த ஸ்கேனில், வடத்தை ஓரமாக நசுக்கிக்கொண்டு கட்டி பளிச்சென்று தெரிந்தது. மெனிஞ்சியோமா. வடத்தைச் சுற்றிய உறையில் வளர்வது, நடுவயது தாண்டிய பெண்களுக்கே அதிகம், பெரும்பாலும் புற்றுநோய் இல்லை.

"முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எனக்கோ காத்திருப்பதுதான் பயமாக இருந்தது. கால் முழுதாக விழுவதற்கு முன் எடுத்தால்தான் நடை திரும்ப வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி என்று கையெழுத்துப் போட்டோம். முள்ளெலும்பின் பின்பக்கத்தைத் திறந்து கட்டியை எடுத்தார்கள். முதல் நாட்களில் தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி இரண்டு பேர் சேர்ந்துதான் அம்மாவைப் புரட்ட வேண்டும். அதன்பின் வோக்கர், பயிற்சி.

பக்கத்துக் கட்டில் அக்காவுக்கும் அதே வலி, அதே மரப்பு. ஆனால் அவருக்கு மார்பில் வந்த புற்றுநோய் முள்ளெலும்புக்குப் பரவியிருந்தது. வீக்கம் குறைய ஸ்டீரொய்ட், பிறகு கதிர்ச்சிகிச்சை. எதிர்க்கட்டில் பிள்ளைக்கு நரம்பின் உறையில் வளர்ந்த ஷ்வானோமா. அதுவும் சாதாரணக் கட்டிதான். வெட்டி எடுத்துவிட்டார்கள்.

அம்மாவின் கட்டியைச் சோதித்த பயொப்சி அறிக்கை முதலாம் தரம், அதாவது புற்றுநோய் இல்லாத வகை என்று வந்தது. கதிர் தேவையில்லை, திரும்ப வளர்கிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் எடுத்தால் போதும். கூடை தூக்கவே கூடாது என்கிறார் டாக்டர். அம்மாவுக்கோ தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்ரோலில் பேரை வெட்டிவிடுவார்களோ என்பதுதான் இப்போதைய கவலை.