சொல்லாத சந்தேகம்

2016 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் ஆராதனைக்குப் போகவில்லை. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த வாரம் அது. சனியும் ஞாயிறும்கூட வங்கிகள் திறந்திருந்தன. அந்த நாட்களில் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இரவு கணக்கை முடித்தபோது என் கல்லாவில் இருபதாயிரம் ரூபாய் குறைந்தது. அதாவது, புதிய இரண்டாயிரம் ரூபாய்த் தாள்கள் பத்து. மூன்று முறை எண்ணினோம், சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம், தடயம் கிடைக்கவில்லை. என் சேமிப்புக் கணக்கில் பற்று வைத்து ஈடுகட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த மாதத்தில் கைக்காசு கட்டிய காசாளர் நான் ஒருவன் மட்டும் அல்ல. ஆகவே பணத்தைப் பற்றிய வருத்தம் சீக்கிரமே தணிந்துவிட்டது.

தணியாமல் இருப்பது வேறொன்று. எங்கள் கிளையில் தினக்கூலிக்கு ஒரு தம்பி வேலை பார்த்தான். பெட்டக அறையிலிருந்து கட்டுகளைக் கவுன்ட்டருக்குக் கொண்டுவருவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, தேநீர் வாங்கி வருவது எல்லாம் அவன்தான். நோட்டு எண்ணும்போது விரல் நனைக்க என் மேசையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஸ்பான்ச் இருக்கும். யாரும் சொல்லாமலே காலையில் முதல் வேலையாக அதில் தண்ணீர் ஊற்றி வைப்பான். ஞாயிறு இரவு படுக்கையில் கண்ணை மூடியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவன் முகம்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை அன்று ஒரு விசுவாசியின் வெற்றியாகவே எண்ணினேன். மேலாளர் "யார் மேலாவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டபோது, "இல்லை சார், கூட்டத்தில் நான்தான் கூடக் கொடுத்திருப்பேன்" என்றேன். அதற்கு நியாயமும் இருந்தது. ஒருவர் ஒரு நாளில் பத்தாயிரம் எடுக்கலாம் என்றிருந்த நேரம். ஐந்து தாள்கள் கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேருக்குப் பத்துப் பத்தாகக் கொடுத்திருந்தால் கணக்கு சரியாகிவிடும். புதுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்தன. "எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதனிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்" என்று வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகம் சொல்கிறது. வாய்க்குக் காவல் வைத்தால் இருதயத்துக்கும் வைத்ததாக ஆகிவிடும் என்று நம்பினேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவன் என் பின்னால் வந்து நின்றான்.

"நான் எடுத்திருப்பேன்னு நெனைக்கீங்களா சார்?"

"நான் உன்னை ஒண்ணும் சொல்லலையே தம்பி."

"சொல்லலை சார். சொல்லியிருந்தீங்கன்னா நானும் பதில் சொல்லியிருப்பேன்லா."

இவ்வளவுதான் பேச்சு. டிபன் பாக்ஸை மூடிவிட்டு நான் எழுந்து போய்விட்டேன்.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். அதற்கு முன்பெல்லாம் அவன் கொண்டுவரும் கட்டின் மேல்சீட்டைப் பார்த்துவிட்டு அப்படியே கல்லாவில் வைப்பேன். திங்கட்கிழமை முதல் ஒவ்வொரு கட்டையும் அவன் நிற்கும்போதே எண்ணும் இயந்திரத்தில் போட்டேன். நூறு தாள்கள் சடசடவென்று ஓடி எண் நிற்கும் வரை அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். தேநீருக்கு எழும்போது "பாத்துக்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போகிறவன், கல்லாவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இவை இரண்டும் விதிப்படி நான் முதலிலிருந்தே செய்திருக்க வேண்டியவை. பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேர் கையில் இருப்பதன் பொருளே யாரையும் தனியாக நம்பாதே என்பதுதான். எல்லாரையும் அப்படி நடத்தியிருந்தால் அது ஒழுங்கு. ஒருவனிடம் மட்டும், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மட்டும் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

தலைக்கு மேலே பறவை பறப்பதைத் தடுக்க முடியாது, தலையில் கூடு கட்டுவதைத் தடுக்கலாம் என்று சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் சொன்னதாகப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் கூடு ஒரே நாளில் கட்டப்படுவதில்லை, ஒவ்வொரு துரும்பாக வருகிறது. அவனுடைய புதிய கைப்பேசி ஒரு துரும்பு. தங்கையின் படிப்புக் கட்டணம் பற்றி அக்டோபரில் அவன் சொன்னது இன்னொன்று. ஒவ்வொன்றையும் நானே பொறுக்கி எடுத்து வைத்தேன். அவன் ஏழை என்பதைத் தவிர அவற்றில் வேறு எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது. மேலாளரின் மகனும் அதே மாதத்தில் புதுக் கைப்பேசி வாங்கினான்; அது எனக்குத் துரும்பாகப் படவில்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகையில், பொறாமை, சண்டை, தூஷணம் என்ற வரிசையில் "பொல்லாத சம்சயங்களும்", அதாவது கெட்ட சந்தேகங்களும், என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார். பலமுறை வாசித்தும் என் கண்ணில் படாமல் போன சொல் அது. அன்பு "தீங்கு நினையாது" என்று கொரிந்தியருக்கு எழுதிய இடத்தில் "நினையாது" என்பதற்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் கணக்கில் எழுதுவதையும் குறிக்கும் என்று எங்கள் சபைப் போதகரான ஐயர் வேதபாட வகுப்பில் சொன்னார். முப்பது ஆண்டுகள் பற்றும் வரவும் எழுதிய எனக்கு அது நேராக வந்து தைத்தது. அவன் பெயரில் ஒரு பற்று எழுதியிருந்தேன். அந்தப் பேரேட்டை அவனுக்குக் காட்டவில்லை.

அப்படியானால் சொல்லியிருக்க வேண்டுமா? ஆதாரம் இல்லாமல் ஒரு தினக்கூலிப் பையனைப் பார்த்து "நீ எடுத்தாயா" என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவன் வேலையை முடித்திருக்கும். சகோதரன் குற்றம் செய்தால் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்தச் சொன்னார் ஆண்டவர். அது தெரிந்த குற்றத்துக்கு. குற்றம் நடந்ததா என்றே தெரியாதபோது பேசாமல் இருந்தது சரிதான் என்று சில நாட்கள் உறுதியாகத் தோன்றுகிறது. வேறு சில நாட்களில், நான் காத்தது அவனையா, நல்லவன் என்ற என் பெயரையா என்ற கேள்வி வருகிறது. எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்துவது பற்றி இரண்டாம் கொரிந்தியரில் வாசிக்கிறோம். நான் என் எண்ணத்தைச் சிறைப்படுத்தத்தான் செய்தேன். ஆனால் அதை அவரிடம் கொண்டுபோகவில்லை. உள்ளேயே வைத்துச் சோறு போட்டேன்.

வியாழனுக்குப் பிறகும் காலையில் கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போன அவன் திரும்பி வரவில்லை. பணம் எங்கே போனது என்பது இன்றுவரை தெரியாது.

இதை எழுதும்போதும் ஒன்றை மறைக்கக் கூடாது. இத்தனை ஆண்டுகளாக இதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபிக்கிறேன். அந்த ஜெபத்தின் நடுவிலேயே "ஒருவேளை அவன்தானோ" என்று மெல்ல ஒன்று எழுகிறது. விடாத எண்ணத்துக்காக மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. "என்னைச் சோதித்து, என் சிந்தனைகளை அறிந்துகொள்ளும்" என்ற சங்கீத வசனம் குடும்ப ஜெபத்தில் வரும்போது என் குரல் தாழ்ந்துவிடுகிறது.

அவன் இப்போது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் இருக்கிறான். எதிர்ப்பக்கம் இரண்டு முறை வண்டியை நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் முதலில் அந்தச் சந்தேகத்தை அவன் முகத்துக்கு நேரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக்கூடச் சொல்லிவிடுவேன். "இப்போ நம்புறீங்களா சார்?" என்று அவன் கேட்டால் உடனே, தயங்காமல், ஆம் என்று சொல்ல வேண்டும். இரண்டு முறையும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.